காசிலிங்கத்துக்குக் கால் வலிக்கவில்லை

“கால் வலி ஏம்மா வருது?” என்று கேட்டார் உலகப்ப குருசாமி.

மாரிக்கண்ணம்மா நிமிரவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்தவருடைய பாதத்தைத் தொட்டியிலிருந்து எடுத்து, விரல் இடுக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“யார் காலு சாமி?”

“பொதுவாக் கேக்குறேன்.”

“பொதுவாக் காலுன்னு ஒண்ணு இல்லையே. ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு ரெண்டுதான் இருக்கு.”

பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். குருசாமி சிரிக்கவில்லை.

நான் சிரித்தேன். கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன்.

*

தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவர்கள் போகும் சாலை அது. திண்டுக்கல் வருவதற்கு ஒரு நாள் நடை இருக்கும்போது எங்கள் பந்தல் வரும். மற்றப் பந்தல்களில் சாப்பாடு கொடுப்பார்கள், மோர் கொடுப்பார்கள். எங்கள் பந்தலில் கால் பார்ப்போம். நடக்கிறவர்கள் இதற்குக் கால் பந்தல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

சாமியானா போட்டுக்கொடுக்கும் மில்காரரின் பெயர் பேனரில் முருகன் பெயரைவிடப் பெரிதாக இருக்கும். மாரிக்கண்ணம்மாவின் பெயர் எங்கேயும் இருக்காது. இதை நான் வருடா வருடம் கவனிக்கிறேன்.

அவர் டாக்டர் இல்லை. நர்ஸும் இல்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கால் புண்ணுக்குக் கட்டுப்போடும் அறையில் இருபத்திரண்டு வருடமாக உதவியாளர். பூசத்துக்கு முன்னால் பத்து நாள் லீவு எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடுவார். அவருக்கு நாற்பத்தாறு வயது. எனக்கு அறுபத்தெட்டு. அவர் கால் கழுவ, நான் தண்ணீர் ஊற்றுவேன். சிஷ்யன் என்று யாரும் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நானாகச் சேர்ந்துகொண்டேன்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் நான் உலகப்ப குருசாமியின் கூட்டத்தில் நடந்து வந்தேன். நான்காம் நாள் குதிகால் பிடித்துக்கொண்டது. கூட்டத்தை நிறுத்தி, எல்லோருக்கும் நடுவில் என்னை நிற்க வைத்து அவர் சொன்னார்:

“மனசுல அழுக்கு இருக்கு சொக்கா. அதைத்தான் காலு சொல்லுது. பஸ் ஏறி வீட்டுக்குப் போ.”

பஸ் வரும்வரை இந்தப் பந்தலில்தான் உட்கார்ந்திருந்தேன். மாரிக்கண்ணம்மா ஒன்றும் கேட்காமல் என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் மலைக்குப் போகவில்லை. இந்தப் பந்தலோடு சரி.

ஒன்பது வருடமும் உலகப்ப குருசாமி இந்தப் பந்தலைத் திரும்பிப் பார்க்காமல்தான் கடந்து போவார். இந்த வருடம் அவர் கூட்டம் எதிர்ப்பந்தலில் மோர் குடித்துக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் தனியாகச் சாலையைக் கடந்து வந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

எனக்கு அவரை நன்றாகவே தெரிந்தது.

*

“உக்காருங்க சாமி. முன்னால வந்தவங்களைப் பாத்துடறேன்” என்றார் மாரிக்கண்ணம்மா.

குருசாமி உட்காரவில்லை. நின்றுகொண்டே பார்த்தார்.

முதலில் ஒரு வாட்ச்மேன். சுண்டுவிரலில் ஆணி. ஞாயிற்றுக்கிழமை தோறும் பிளேடால் சீவிவிடுவதாகப் பெருமையாகச் சொன்னார்.

“சீவினா மறுபடி வருதா?”

“வருதும்மா. வேர் ஆழமா இருக்கும்போல.”

“வேர் உங்க ஷூவுல இருக்கு” என்றார் மாரிக்கண்ணம்மா. “கம்பெனி கொடுத்த ஷூவா?”

“ஆமா. ஒரு நம்பர் சின்னது. ஓசியில கொடுத்தானுங்க, வாங்கிக்கிட்டேன்.”

“ஒரு நம்பர் பெரிசா காசு கொடுத்து வாங்குங்க. பிளேடை மூஞ்சிக்கு வச்சுக்குங்க.”

அடுத்து ஒரு அம்மா. குதிகால் முழுவதும் வெடிப்பு. வெடிப்புக்குள் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றி அடைத்திருந்தார்.

மாரிக்கண்ணம்மா சிரிக்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் கால்மணி நேரம் ஊறவைத்து, மெழுகைத் துணியால் மெல்ல எடுத்தார். ஈரம் போகத் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவினார்.

“தெனமும் படுக்கப் போறப்ப இதைச் செஞ்சிட்டு, ஒரு பழைய சாக்ஸை மாட்டிக்குங்க.”

“சாக்ஸா? ஏ ஆத்தா, எங்க வீட்டுக்காரரு சிரிப்பாரே.”

“அவருக்கும் ஒரு ஜோடி மாட்டிவிடுங்க.”

மூன்றாவது ஆள் கட்டைவிரல் மூட்டு சிவந்து வீங்கி வந்திருந்தார். வேட்டி நுனி பட்டாலே கத்தினார். அவர் காலை மாரிக்கண்ணம்மா தொடவே இல்லை. விரதம் என்று தண்ணீரைக் குறைத்துவிட்டீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றார். இரண்டு செம்பு தண்ணீர் குடிக்க வைத்து, இரத்தத்தில் யூரிக் உப்பு பார்க்கச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியைச் சொல்லி ஒரு பைக்கில் ஏற்றி அனுப்பினார்.

யாரிடமும் அவர் மனசைப் பற்றிக் கேட்கவில்லை. குருசாமி அதைக் கவனித்தார். அவர் கவனித்ததை நான் கவனித்தேன்.

*

“இப்ப சொல்லுங்க சாமி” என்றார் மாரிக்கண்ணம்மா.

குருசாமி குரலைத் தாழ்த்தினார்.

“எங்க கூட்டத்துல ஒருத்தன். வலது குதிகால்ல வலிங்கிறான்.”

“காலையில எந்திரிச்சு வைக்கிற முதல் அடியிலயா?”

“ஆமா. முள்ளுல மிதிச்ச மாதிரி.”

“பத்தடி நடந்தா குறையுமா?”

“குறையும். உக்காந்துட்டு எந்திரிச்சா மறுபடியும் பிடிக்கும்.”

“எத்தனை நாளா?”

“பதினோரு வருஷமா.”

சொல்லிவிட்டு, “அப்படின்னான்” என்று சேர்த்துக்கொண்டார்.

செம்பிலிருந்து தண்ணீர் என் காலில் கொட்டிக்கொண்டிருந்தது. நான் கவனிக்கவில்லை. என்னைப் பஸ் ஏற்றி அனுப்பி ஒன்பது வருடம்தான் ஆகிறது.

மாரிக்கண்ணம்மா அவர் காலைப் பார்க்கவில்லை. முகத்தையும் பார்க்கவில்லை.

“அவரு என்ன தொழில் பண்றாரு?”

“அரிசிக் கடை. நாள் பூரா நிக்கிற வேலை.”

“சிமெண்டுத் தரையா?”

“கல்லு.”

“செருப்பு போட்டுக்கிட்டா?”

“கடைக்குள்ள செருப்பா? அரிசி இருக்கிற இடம்மா. லட்சுமி இருக்கிற இடம். வாசல்ல கழட்டிட்டுத்தான் ஏறுவான்.”

“ஒரு சாக்கையாச்சும் நாலா மடிச்சுப் போட்டு நிப்பாரா?”

“மாட்டான்.”

“ரோட்டுல எந்தப் பக்கமா நடப்பாரு?”

“இதென்ன கேள்வி? இடது பக்கம். வெள்ளைக்கோட்டு மேல. தாரைவிட கோடு சூடு கம்மி. முப்பத்தோரு வருஷமா அப்படித்தான்…” என்று தொடங்கி, “எங்க கூட்டமே அப்படித்தான் நடக்கும்” என்று முடித்தார்.

மாரிக்கண்ணம்மா எழுந்தார். என் கையிலிருந்த செம்பை வாங்கிக்கொண்டு சாலை ஓரத்துக்குப் போனார். வெள்ளைக்கோட்டின் மேல் தண்ணீரை ஊற்றினார்.

தண்ணீர் அங்கே நிற்கவில்லை. சாலையின் நடுப்பக்கம் போகவும் இல்லை. நேராக ஓரத்துப் பள்ளத்துக்கு ஓடியது.

குருசாமி அந்தத் தண்ணீரையே பார்த்தார்.

“மழைத்தண்ணி வடியறதுக்காக ரோட்டை ஓரத்துக்குச் சாய்ச்சுத்தான் போடுவாங்க சாமி. இடது ஓரத்துல நடந்தா வலது காலு எப்பவும் மேட்டுல. பாதம் உள்பக்கமா மடங்கிக்கிட்டே இருக்கும். அடியில குதிகால்ல இருந்து விரல் வரைக்கும் ஒரு நாடா மாதிரி தசை ஓடுது. அது குதிகால்ல ஒட்டுற இடத்துல இழுபடும். ராத்திரியில சுருங்கிக்கும். காலையில முதல் அடி வைக்கிறப்ப வெடுக்குன்னு இழுக்கும்.”

“அதனாலயா?”

“கல்லுத் தரையும் சேர்ந்து. வருஷம் பூரா நடக்காத காலு திடீர்னு ஏழு நாள் நடக்குதே, அதுவும் சேர்ந்து.”

“மனசுல குறை இருந்தாத்தான் காலு வலிக்கும்னு நான் சொல்லிக்கிட்டு இருக்கேன்” என்றார் குருசாமி.

“அவரு மனசுல குறை இருக்கா?”

குருசாமி கொஞ்சம் யோசித்தார்.

“இருக்கும்.”

“இருக்கட்டும். ஆனா அது குதிகால்ல இல்ல.”

நான் அப்போது சிரிக்கவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

“எந்திரிக்கிறதுக்கு முன்னால ஒரு துண்டைப் பாதத்துல மாட்டி, விரலைத் தன் பக்கமா இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்க. இருபது எண்ணி விடணும். பத்துத் தடவை. சுவத்துல கையை ஊனி, காலைப் பின்னால நீட்டி, ஆடுசதை இழுபடற மாதிரி நிக்கணும். சாயங்காலம் ஐஸ்தண்ணி பாட்டிலைக் கீழ போட்டுப் பாதத்தால உருட்டணும். கடைக்குள்ள போட்டுக்க மெத்துன்னு ஒரு செருப்பு தனியா வச்சுக்கணும்.”

“லட்சுமி?”

“புதுச் செருப்பா வாங்கி, வெளிய போடாம வச்சுக்கிட்டா லட்சுமி ஒண்ணும் சொல்ல மாட்டா. கேட்டா என் பேரைச் சொல்லுங்க.”

“எத்தனை நாள்ல சரியாகும்?”

“பதினோரு வருஷ வலி. மாசக்கணக்கு ஆகும். அவருக்குப் பொறுமை உண்டா?”

“கிடையாது” என்றார் குருசாமி.

*

அவர் போவார் என்று நினைத்தேன். போகவில்லை.

“நாப்பது பேரு என்கூட வர்றாங்க. பாதிப் பேரு நொண்டுறான். அவங்களுக்கு நான் என்னம்மா சொல்றது?”

மாரிக்கண்ணம்மா தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்பினார்.

“நொண்டுறவங்க இருக்கட்டும் சாமி. வலியே இல்லைன்னு யாராச்சும் உண்டா?”

குருசாமியின் முகம் அப்போதுதான் மலர்ந்தது.

“உண்டு. காசிலிங்கம்னு ஒருத்தன். டீக்கடை வச்சிருக்கான். அவனுக்கு இது முதல் நடை. நாலு நாள்ல ஒரு தடவைகூட ‘ஸ்’ன்னு சொல்லலை. உச்சி வெயில்ல எல்லாரும் வெள்ளைக்கோட்டைத் தேடி ஓடுறாங்க, அவன் தார் மேல சிரிச்சுக்கிட்டு நடக்கிறான். அவனைக் காட்டித்தான் மத்தவனுகளுக்குச் சொல்றேன், அருள்னா இதுடான்னு.”

மாரிக்கண்ணம்மாவின் கை நின்றது.

“அவரைக் கூட்டிட்டு வாங்க.”

“அவனுக்கு ஒண்ணும் இல்லையேம்மா.”

“அதனாலதான் சாமி. சீக்கிரம்.”

*

காசிலிங்கம் பால்காவடியோடு வந்தார். பின்னாலேயே கூட்டமும் வந்துவிட்டது. ஐம்பது வயது இருக்கும். நல்ல உடம்பு, நல்ல சிரிப்பு. கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து மகள் பிள்ளை பெற்றிருக்கிறாள். அதற்கு நேர்ந்துகொண்ட காவடி என்று கேட்காமலே சொன்னார். காவடியைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

“என் காலு இரும்புக் காலும்மா. வேணும்னா ரெண்டு கும்பிடு போட்டுக்குங்க.”

“போட்டுக்கிறேன். சர்க்கரை உண்டா?”

“அது இருக்கு, பன்னெண்டு வருஷமா.”

“மாத்திரை?”

“மாலை போட்ட அன்னிக்கே நிறுத்தியாச்சு. விரதத்துல எதுக்கு மாத்திரை? முருகன் பாத்துக்குவான்.”

கூட்டத்தில் ஒருவர் “அரோகரா” என்றார்.

மாரிக்கண்ணம்மா திட்டவில்லை. தன் பையிலிருந்து ஒரு ஐஸ் குச்சியை எடுத்தார். அதன் நுனியில் ஒரு துண்டு தூண்டில் நரம்பு கட்டியிருக்கும். ஆஸ்பத்திரியில் இதற்கென்று ஒரு கருவி உண்டாம். இது அவரே செய்தது.

“கண்ணை மூடிக்குங்க. பாதத்துல இதால தொடுவேன். தொட்டது தெரிஞ்சதும் ‘ம்’ சொல்லணும்.”

“பரீட்சையா? சரி, வைங்க.”

காசிலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். மாரிக்கண்ணம்மா கட்டைவிரலில் நரம்பை வைத்து, அது வளையும்வரை அழுத்தினார். எடுத்தார். சுண்டுவிரலில் வைத்தார். எடுத்தார். விரல்களுக்குக் கீழே மூன்று இடம். நடுப்பாதம். குதிகால். அவசரப்படவில்லை. பத்து இடம் தொட்டார்.

குருசாமி குனிந்து ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாவது இடம் முடிந்தபோது அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. அவரும் எண்ணியிருக்கிறார்.

காசிலிங்கம் கண்ணை மூடியபடியே சிரித்தார்.

“ஆரம்பிங்கம்மா. நான் ரெடி.”

எதிர்ப்பந்தலின் ஒலிபெருக்கி மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

மாரிக்கண்ணம்மா அவருடைய இடது பாதத்தைத் திருப்பினார். தார்க்கறையைப் பஞ்சால் துடைத்தார். கட்டைவிரலுக்குக் கீழே, தடித்த தோலுக்கு நடுவில், ஒரு கறுப்புப் புள்ளி. சுற்றிலும் சிவப்பு. சிவப்பு கணுக்கால்வரை ஏறியிருந்தது. விரலை லேசாக வைத்ததும் சீழ் வந்தது. அதோடு கருவேல முள்ளின் நுனி தெரிந்தது.

“முள்ளை எடுத்துடலாமா?” என்று நான் கேட்டேன்.

“கூடாது. ஆழம் தெரியாது. டாக்டர் எடுக்கணும். சுத்தமான துணி கொடுங்க. வண்டிக்குப் போன் போடச் சொல்லுங்க.”

“இன்னும் ஆரம்பிக்கலியா?” என்றார் காசிலிங்கம்.

“கண்ணைத் திறங்க அண்ணே.”

அவர் திறந்தார். பாதத்தைப் பார்த்தார். பஞ்சில் இருந்ததைப் பார்த்தார். அது தன்னுடையது என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

“இது எப்ப?”

“ரெண்டு மூணு நாள் இருக்கும். சர்க்கரை உங்க கால் நரம்பைத் தின்னுடுச்சு. முள்ளு குத்தினதும் தெரியலை, தாரு சுட்டதும் தெரியலை. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். இந்தக் காலை இனி தரையில வைக்கக் கூடாது.”

“மலைக்குப் போயி இறக்கிட்டு வந்துடறேம்மா. இன்னும் மூணு நாள்தானே.”

“இன்னிக்குப் போனா முள்ளை எடுப்பாங்க. மூணு நாள் கழிச்சுப் போனா விரலை எடுக்கலாம். அதுக்கு மேல போனா எங்க நிறுத்துவாங்கன்னு என்னால சொல்ல முடியாது. நான் அந்த ரூம்லதான் வேலை பாக்குறேன்.”

காசிலிங்கம் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

“நேத்திக்கடன்மா. பேரப்பிள்ளை விஷயம். பாதியில நிறுத்தக் கூடாது. குருசாமி சொல்லட்டும். அவரு நடன்னா நடக்கிறேன். போன்னா போறேன்.”

நாற்பது பேரும் குருசாமியைப் பார்த்தார்கள்.

நானும் பார்த்தேன். அவர் “நட” என்று சொல்ல வேண்டும் என்று ஒரு நொடி நினைத்தேன். அந்தக் கால் என் கண் முன்னால் இருந்தும் நினைத்தேன். ஒன்பது வருடம் நான் பத்திரமாக வைத்திருந்த கோபத்துக்கு அது ஒன்றுதான் தேவைப்பட்டது.

மாரிக்கண்ணம்மா துணியை மடித்துப் புண்ணின் மேல் வைத்துக் கட்டத் தொடங்கினார்.

குருசாமி மெல்ல உட்கார்ந்தார். பெஞ்சில் இல்லை. தரையில், காசிலிங்கத்தின் காலடியில், ஈரத்தில்.

“வண்டியில ஏறுப்பா. நானும் கூட வர்றேன்.”

“நீங்களா? முப்பத்தோரு வருஷ நடை சாமி!”

“காவடியை இவங்க எடுத்துக்கிட்டுப் போவாங்க. உன் பேரைச் சொல்லி இறக்குவாங்க. அதுல குறை வராது.”

காசிலிங்கம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. கோபமும் இருந்தது.

“அப்ப எனக்கு வலிக்காம இருந்தது அருள் இல்லையா சாமி? நீங்கதானே சொன்னீங்க. இத்தனை பேரு முன்னால சொன்னீங்க.”

குருசாமி மாரிக்கண்ணம்மாவைப் பார்த்தார். அவர் கட்டின் முனையைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

குருசாமி வேட்டியை ஒதுக்கி, தன் வலது காலை எல்லோரும் பார்க்க நீட்டினார்.

“இல்லப்பா” என்றார். “எனக்கு வலிக்குது பாரு. அதுதான் அருள்.”